க்வேக்கில் இசை இருந்ததே எனக்குத் தெரியாது

போன வாரம் க்வேக் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமின் ரீமாஸ்டரை, அதாவது மெருகேற்றிய புதுப் பதிப்பை, இன்ஸ்டால் செய்து உட்கார்ந்தேன். முதல் லெவலில் கால் வைத்ததுமே எங்கேயோ யாரோ முனகுவது போலவும், தகரத்தைத் தரையில் தேய்ப்பது போலவும் ஒரு சத்தம். ஹெட்போன் போய்விட்டது என்று நினைத்துக் கழற்றி, வயரை ஆட்டி, பின்னைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது இசை!

1999-ல் டைப்பிங் பழகப் போன கம்ப்யூட்டர் சென்டரில்தான் இந்த கேமை முதலில் விளையாடினேன். பசங்க பிராக்டிகல் முடித்ததும் சென்டர் அண்ணன் அரை மணி நேரம் விட்டுக்கொடுப்பார். ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டராகக் கிடக்கும். சிடி எங்கிருந்து வந்தது என்று நாங்களும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரிஜினல் க்வேக் சிடியில் முதல் டிராக்தான் கேம். மீதியெல்லாம் பாட்டு சிடியில் இருப்பது போன்ற ஆடியோ டிராக்குகள். விளையாடும்போது சிடி உள்ளே இருந்தால் டிரைவ் அதைப் பாடும். ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்தால் பாட்டு வராது. பிற்பாடு டவுன்லோடாக விற்ற பதிப்பிலும் ரொம்ப நாள் இசை கிடையாது. ஆக, இருபது வருடத்துக்கு மேல் என் தலைக்குள் இருந்த க்வேக் ஒரு ஊமைப்படம்.

இசை யாருடையது என்று பார்த்தால் ட்ரென்ட் ரெஸ்னர். நைன் இன்ச் நெய்ல்ஸ் என்ற ராக் இசைக்குழு ஆள். ஆணி சுடும் துப்பாக்கிக்கான குண்டுப் பெட்டியில் ‘என்ஐஎன்’ என்று, கடைசி எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி இருக்கும். அது அவர்கள் இசைக்குழுவின் முத்திரை. ஆணி தயாரிக்கும் கம்பெனி பெயராக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

இசை அபாரம். மெட்டு என்று ஒன்றுமே கிடையாது, பாழடைந்த ஆலைக்குள் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. ஆனால் மூன்று லெவலுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. செட்டிங்ஸில் போய் இசையைப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். உடனே பழைய பயம் வந்துவிட்டது. ஓகர் என்று ஒரு தடியன் இருப்பானே, அவன் ரம்பத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் ஓசை. ஆள் எந்தப் பக்கம் என்று தெரியாது. அப்புறம் அவன் வீசும் கிரனேடு படியில் ‘டங்... டங்’ என்று குதித்து இறங்கும். சென்டரில் அந்தச் சத்தம் கேட்டாலே பக்கத்து சிஸ்டத்தில் லெட்டர் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சத்தங்களும் ரெஸ்னர் கைவண்ணம்தானாம். அப்படியானால் பாதி இசையைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன்.

ரீமாஸ்டர் செய்த நைட்டைவ் ஆட்களைப் பாராட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். ஏற்கெனவே டிஜிட்டலில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இலவசம். அகலத் திரை, நிழல்கள், கொஞ்சம் செதுக்கிய ராட்சசர்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்த அழுக்கு பிரவுன் நிறத்தில் கை வைக்கவில்லை. 1996-ல் இது வந்தபோது எல்லாமே முழு முப்பரிமாணம் என்பதுதான் பேச்சு. இதே கம்பெனியின் முந்தைய கேமான டூமில் ஓர் அறைக்கு மேல் இன்னோர் அறை வைக்க முடியாது, இதில் வைக்கலாம். ஆனால் அன்றைய பென்டியம் கம்ப்யூட்டர் அந்தப் பாரத்தைத் தாங்கியாக வேண்டுமே. அதனால் ராட்சசர்கள் கூட்டமாக வரமாட்டார்கள். இரண்டு பேர், மூன்று பேர், ஆனால் லேசில் சாக மாட்டார்கள். மெஷின்கேம்ஸ் என்ற இன்னொரு கம்பெனி புதிதாகச் செய்து சேர்த்த எபிசோடில் அந்தக் கஞ்சத்தனம் இல்லை. அரங்கங்கள் பிரம்மாண்டம், ஆட்கள் திருவிழாக் கூட்டம். அழகுதான். ஆனால் பயமில்லை, களைப்புதான் வந்தது.

ஒரு வெட்கக்கேடு. அன்று கீபோர்டு மட்டும் வைத்துத்தான் ஆடினேன். மேலே பார்க்க ஒரு கீ, கீழே பார்க்க ஒரு கீ. இப்போது மவுஸைப் பிடித்தால் தலை சுற்றுகிறது. நாற்பத்தைந்து நிமிடத்தில் ஒரு லெமன் ஜூஸ் குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா பையன் எட்டிப் பார்த்து, “மாமா, இதுல நம்ம யாரு? எதுக்குச் சுடறோம்?” என்றான். தெரியாது. கதை சிடியோடு வந்த புத்தகத்தில் இருந்திருக்கிறது. எங்களுக்குப் புத்தகமும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே உட்கார்ந்துகொண்டான், இசையை முழுச் சத்தத்தில் வைத்து. முதல் எபிசோடு முடிவில் எரிகுழம்பிலிருந்து எழும்பும் க்தோன் என்ற பெரிய ராட்சசன் வரை வந்துவிட்டான். அதைத் துப்பாக்கியால் ஒன்றும் செய்ய முடியாது. மேலே ஏறி, பட்டன்களை அமுக்கி, இரண்டு பக்கத்துத் தூண்களையும் இறக்கி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். நார்மலில் அதையே மூன்று தடவை. பையன் இருக்கிற ராக்கெட்டையெல்லாம் அதன் நெஞ்சில் காலி பண்ணிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“மாமா, இது சாகாதா?”

“தெரியலையேடா,” என்றேன். அன்று எனக்கு மூன்று நாள் ஆனது.