மதம் சாராதவர் எல்லோரும் நாத்திகர் அல்ல

அமெரிக்காவில் 28 சதவீதம் பேர் நாத்திகர்களாகிவிட்டார்கள் என்று நண்பர் ஒருவர் பதிவிட்டிருக்கிறார். பலரும் அதை அப்படியே எடுத்துப் பகிர்ந்து வருவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 28 என்ற எண் சரிதான். அது குறிப்பது நாத்திகர்களை அல்ல, வயது வந்தோரில் எந்த மதத்தையும் சாராதவர்களை.

அமெரிக்காவில் கருத்துக்கணிப்புகள் நடத்தும் பியூ ஆய்வு மையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வந்த எண் அது. கருத்துக்கணிப்பில் 'உங்கள் தற்போதைய மதம் எது?' என்று கேட்கிறார்கள். பதில் பட்டியலில் மதங்களோடு 'நாத்திகர்', 'கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்', 'குறிப்பாக எதுவும் இல்லை' ஆகியவையும் தனித்தனியாக இருக்கின்றன. இந்த மூன்றையும் கூட்டினால்தான் 28 வருகிறது. அந்த 28 சதவீதத்தினரை நூறாக வைத்துக் கணக்கிட்டால், தங்களை நாத்திகர் என்று சொன்னவர்கள் 17 சதவீதம் மட்டுமே. 63 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தது 'குறிப்பாக எதுவும் இல்லை' என்பதை. கடவுளையோ வேறொரு மேலான சக்தியையோ நம்புவதாகச் சொன்னவர்கள்தான் மதம் சாராதவர்களில் பெரும்பான்மை. மத அமைப்பை விட்டு விலகுவது வேறு, நம்பிக்கையை விடுவது வேறு. நம்மைச் சுற்றியிருப்பவர்களை நினைத்துப் பார்த்தாலே இது புரியும்.

சரிபார்ப்பது எளிது. அந்த மையத்தின் இணையதளத்தில் அறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. தலைப்போடு நிறுத்திவிடாமல், கேள்வியின் வாசகமும் பதில்வாரியான எண்ணிக்கையும் உள்ள அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சதவீதமும் வயது வந்தோர் அனைவரிலும் கணக்கிடப்பட்டதா, மதம் சாராதவர்களுக்குள் மட்டும் கணக்கிடப்பட்டதா என்பதையும் கவனியுங்கள். மதம் சாராதவர்களையும் நாத்திகர்களையும் ஒன்றாக எண்ணியதில்தான் இங்கே குழப்பம் தொடங்கியது. பதிவிட்ட நண்பர் அந்த ஒரு வரியைத் திருத்தினால் நன்றாக இருக்கும்.