'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி சரியாகப் பத்து மணிக்கு, எங்கள் ராக் குழுவின் கடைசிப் பாட்டில், இரண்டாவது சரணத்தில், ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது. இதை எழுதி முடித்தால்தான் தூக்கம் வரும்.

நான் குழுவின் டிரம்மர். வியாழன் இரவு மும்பையில் வாசித்தோம். வெள்ளி காலை உத்யான் எக்ஸ்பிரஸ் பிடித்து, ஒரு நாள் முழுக்க ரயிலில் கிடந்து, சனிக்கிழமை காலை பெங்களூரு வந்து இறங்கினோம். விமானத்தில் வரக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு: அங்கே ஆளுக்கு 15 கிலோதான். என் சிம்பல் பை, ஸ்னேர் டிரம், கிக் பெடல் மூன்றும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். எங்கள் பேஸ் கிட்டார்க்காரன் பெர்த்தில் கிட்டாரை அணைத்துக்கொண்டு, காலை மடக்கியே படுத்து வந்தான். அல்சூரில் வீட்டுக்குப் போய்க் குளித்து, அம்மா போட்ட ரசம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிட்டேன். ஏன் இத்தனை அவசரம்? நாலு மணிக்கு சவுண்ட் செக், அதாவது நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்ப்பது, என்று சொல்லியிருந்தார்கள். ஒயிட்ஃபீல்டு தாண்டி இருக்கிற அந்த மைதானத்துக்கு டாடா ஏஸில் சாமான்களோடு மூன்றரைக்கெல்லாம் போய் நின்றோம்.

மேடை இருந்தது. ஸ்பீக்கர் இல்லை. வண்டி சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிறதாம். ஐந்தேகாலுக்கு வந்தது. அதை ஏற்றிக் கட்டி முடித்தால் ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அதுவும் வந்து சேர்ந்தபோது, "சார், சீஃப் கெஸ்ட் வந்துட்டாரு, கொஞ்ச நேரம் சத்தம் வேண்டாம்" என்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கேட்டிருந்த எங்களுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். அதற்குப் பெயர் சவுண்ட் செக் கிடையாது, லைன் செக். வயரில் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார் ஏற்பாட்டாளர். கன்னடத்தில் 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்று அர்த்தம். அப்புறம் எனக்குத் தமிழ் என்று தெரிந்ததும், "மச்சி, நீங்கள்லாம் ப்ரொஃபஷனல்ஸ், சமாளிச்சுருவீங்க" என்று தோளில் தட்டினார்.

எதைச் சமாளிப்பது? சவுண்ட் செக் என்றால் ஏதோ நாங்கள் மேடையில் விளையாடிப் பார்க்கிற நேரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் காலால் அடிக்கிற கிக் டிரம், அப்புறம் ஸ்னேர், டாம், சிம்பல் என்று ஒவ்வொன்றாகத் தனித்தனியே அடித்து அளவு வைக்க வேண்டும். டிரம்ஸுக்கு மட்டுமே எட்டு மைக். அதன் பிறகு பேஸ், கிட்டார், குரல். கடைசியில் எங்களைப் பார்த்து இருக்கிற மானிட்டர் ஸ்பீக்கர்களில் யாருக்கு எது கேட்க வேண்டுமோ அதைச் சரிசெய்ய வேண்டும். அது சரியில்லை என்றால் பாடுகிறவனுக்கு அவன் குரல் அவன் காதிலேயே விழாது. கேட்கவில்லை என்றால் கத்துவான். நேற்று அதுதான் நடந்தது. மூன்றாவது பாட்டிலேயே எங்கள் பாடகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்று காலை போன் பண்ணினால் காற்றுதான் வருகிறது. புதன்கிழமை ஹைதராபாத்தில் நிகழ்ச்சி.

என் கதை இன்னும் மோசம். மைதானத்துக்கு எதிரே 50 மீட்டர் தள்ளி ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நான் அடித்த ஸ்னேர் அந்தச் சுவரில் மோதித் திரும்பிவர ஏறக்குறைய 0.3 நொடி ஆகிறது. என் மானிட்டரில் ஒன்றுமே இல்லை. ஆக, நான் இப்போது அடித்த அடியும் கொஞ்சம் முன்னால் அடித்த அடியும் கலந்து காதில் விழுகிறது. அதைக் கேட்டு வாசித்தால் தாளம் பின்னால் இழுக்கும். காதை மூடிக்கொண்டு பேஸ்காரனின் விரலையே பார்த்துக்கொண்டு 50 நிமிடம் வாசித்தேன். கூட்டத்தில் நின்ற ஒருவர், "டிரம்மர் கொஞ்சம் தடுமாறுறான்" என்று சொன்னதாக என் தங்கை சொன்னாள். பதினான்கு வருஷமாக வாசிக்கிறேன். அது என் மேல்தானே விழுகிறது?

ஒலியைக் கலந்து அளவு வைக்கிற மிக்சரில் உட்கார்ந்திருந்த ஓசூர்த் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். "அண்ணா, மன்னிச்சிருங்கண்ணா, எனக்கும் டைமே குடுக்கல" என்று அழாத குறையாக நின்றான். பத்து மணிக்கு வந்த போலீஸ்காரரையும் குறை சொல்ல மாட்டேன். திறந்தவெளியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அந்த அடுக்குமாடியில் கைக்குழந்தையும் இருக்கும், நோயாளியும் இருப்பார். விதி நியாயமானதுதான். ஆனால் பத்து மணிக்கு முடிந்தாக வேண்டும் என்று தெரிந்துதானே டிக்கெட் விற்றீர்கள்? குத்துவிளக்கு, பொன்னாடை, விளம்பர வீடியோ, அப்புறம் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தது. ஏழிலிருந்து ஏழு இருபது என்று போட்டிருந்த பேச்சு எட்டரை வரை போனது. அத்தனை பேர் தாமதத்தையும் யார் நேரத்தில் கழித்தீர்கள்? எங்கள் நேரத்தில். ஒன்றரை மணி நேரத்துக்குத் தயாராக வந்தவர்களை ஒன்பது பத்துக்கு மேடை ஏற்றினீர்கள்.

இதற்கு மேல் ஒன்று. நிகழ்ச்சி முடிந்து சாமானைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அதே ஏற்பாட்டாளர் வந்து, "ஐம்பது நிமிஷம்தானே வாசிச்சீங்க, பேமெண்ட்டைக் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கலாம்" என்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

2007-இல் அயர்ன் மெய்டனும் 2011-இல் மெட்டாலிகாவும் என்று பெரிய வெளிநாட்டு ராக் குழுக்கள் பேலஸ் கிரவுண்ட்ஸில் வந்து வாசித்த ஊர் இது. ராக் இசைக்கு இந்தியாவிலேயே இந்த ஊர்தான் என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் சொல்கிறான். அந்த ஊரில் பிறந்து வளர்ந்து வாசிக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் சவுண்ட் செக் கொடுக்க முடியவில்லை.

அணைத்தார்களே, அந்தக் கடைசிப் பாட்டு எங்கள் முதல் தமிழ்ப் பாட்டு. அதைக் கேட்கத்தான் மர்ஃபி டவுனிலிருந்து என் மாமா இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முழங்கால் வலியோடு மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏன்டா, பாதியிலேயே நிறுத்திட்டீங்க? மறந்துபோச்சா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

ஹைதராபாத்காரர்களுக்கு இன்று காலையே எழுதி அனுப்பிவிட்டேன். நாலு மணிக்கு சவுண்ட் செக். ஐந்து மணிக்குள் தொடங்கவில்லை என்றால் சிம்பல் பையை நான் திறக்க மாட்டேன், வந்த ரயிலிலேயே திரும்பிவிடுவோம். முன்பணத்தைத் திருப்பித் தரவும் தயார்.