செவிலியர் மருந்து எழுதினால் தரம் குறையுமா?
செவிலியர் மருந்து எழுதத் தொடங்கினால் சிகிச்சையின் தரம் குறையும் என்று ஒரு கட்டுரை சொல்வது சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற நாள்பட்ட நோய்களுக்குப் பொருந்தாது. இவற்றில் தொடர் கண்காணிப்பு விட்டுப்போவதால்தான் பெரும்பாலும் சிகிச்சை கெடுகிறது. தேவனாம்பட்டினத்திலோ பாகூரிலோ ஒருவருக்கு அம்லோடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கலாம், அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. கிட்னி போய்விட்டதோ என்று பயந்து அவராகவே நிறுத்திவிடுவார். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் டாக்டருக்கு இதைக் கேட்க ஏது நேரம்? பிரஷர் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு உயரத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும், தேவையில்லாமல் டோஸ் ஏறும். சர்க்கரை நோயாளியின் கால் விரலிடுக்கைப் பார்த்து, 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய மோனோஃபிலமென்ட் இழையால் பாத உணர்ச்சியைச் சோதிப்பதும் வருடத்துக்கு ஒருமுறையாவது நடந்தாக வேண்டும். இத்தனையையும் பயிற்சி பெற்ற செவிலியர் நன்றாகவே செய்வார். செவிலியர் பார்ப்பதற்கு எல்லை எங்கே என்று கேட்டால்: பிரஷர் 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108. இது எழுத்தில் உள்ள நெறிமுறையாக ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சி பெற்று சிகிச்சைப் பொறுப்பும் ஏற்கும் செவிலியர்) படிப்பு இரண்டு வருட முதுநிலை ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே படிப்பது. அதற்கேற்ற பணியிடத்தை அரசு உருவாக்காவிட்டால் படித்தவர்கள் பழைய வார்டு வேலைக்கேதான் திரும்புவார்கள்.