கொடைக்கானல் – மூணாறு பழைய ரோடு மூடியே கிடக்கட்டும்

சீசன் தொடங்கினால் போதும். "பேரிஜம் வழியா மூணாறு ரோட்டைத் திறந்துவிட்டா ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடலாமே, ஏன் தேனி, போடி சுத்தணும்?" என்று யாராவது வீடியோ போட்டுவிடுகிறார்கள். நல்ல மனுஷர்களும் அதைப் பகிர்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பான்காரன் சென்னை மேல் குண்டு போட்டால் மலையேறிக் கொச்சிப் பக்கம் தப்பிக்க வெள்ளைக்காரர்கள் சீர்படுத்தி வைத்த பாதை அது. 'எஸ்கேப் ரோடு' என்ற பேர் அப்படி வந்ததுதான். வந்தரவு பக்கம் ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரம் தொட்டு, மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷனில் இறங்கும். 1990 வாக்கில் போக்குவரத்து நின்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், அந்தப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா என்று ஆகிவிட்டது.

அங்கே இருப்பது வெறும் மரக்கூட்டம் இல்லை. மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேட்டில் புல்வெளி. இரண்டும் சேர்ந்து மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, கோடையிலும் ஓடைக்குக் கசியவிடுகின்றன. பேரிஜம் ஏரித் தண்ணீரைப் பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிறார்கள். இதற்குள் ரோடு போட்டால் போவது தார் விழும் அகலம் மட்டும் இல்லை. ஓரத்து மரங்களை வெட்டியதும் வெயில் உள்ளே இறங்கும், ஈரம் காயும், களைச்செடி டயரோடு வந்து சேரும். ரோட்டோரக் கால்வாய் சதுப்பை வடித்துவிடும். அப்புறம் டீக்கடை, பார்க்கிங், 'வியூ பாயிண்ட்'. எந்த மலையில் இந்த வரிசை மாறியிருக்கிறது?

ரோட்டை மூடியதாலேயே காடு பிழைத்துவிட்டது என்றும் நான் சொல்லவில்லை. அரசே நட்ட சீகை (வாட்டில்) என்ற வெளிநாட்டு மரம் புல்வெளியைத் தின்றுகொண்டுதான் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு நோய் இருக்கிற உடம்பில் இன்னொன்றை ஏன் ஏற்ற வேண்டும்?

கொடைக்கானல் தாங்கவில்லை என்றுதானே 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் இ-பாஸ் கொண்டுவந்தது? வண்டிக்குக் கணக்கு வைக்கிற ஊருக்கு இன்னொரு வாசல் எதற்கு?

மேல்மலைக் கிராமங்களான மன்னவனூர், கிளாவரை பக்கத்து மக்கள் ரோடு கேட்பது வேறு விஷயம். பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றவும், ஆத்திர அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கூடுதல் பஸ்ஸும், மேல்மலையிலேயே ராத்திரியும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரியும் கேட்டால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். சுற்றுலாக்காரன் அந்தத் தேவையைத் தூக்கிப்பிடித்துத் தன் குறுக்குவழியைக் கேட்பதுதான் எரிச்சல்.

காட்டைப் பார்க்க ஆசையா? வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அவர்கள் விடுகிற இடத்தில், அவர்கள் விடுகிற நேரத்தில் பாருங்கள். விடாத இடம் இருக்கிறதா, இருந்துவிட்டுப் போகட்டும். 'யாருக்கும் தெரியாத அருவி' என்று லொகேஷனோடு ரீல்ஸ் போடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் வரும். அதையே காரணம் காட்டி இந்த ரோட்டுப் பேச்சு இன்னும் பலமாகக் கிளம்பும். எதிர்த்துச் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.