எழுப்புதலுக்கு முன்னால் நடந்த பாதிக் கதை

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் எங்கள் பக்கத்தில் சுவரொட்டிகள் வந்துவிடும். எழுப்புதல் பெருவிழா, எழுப்புதல் ஜெப மாநாடு, தேசத்தை அசைக்கும் மூன்று நாட்கள். எழுப்புதல் என்றால் சோர்ந்துபோன சபை மறுபடி உயிர்பெற்று, ஜனங்கள் கூட்டமாக மனந்திரும்புவது. மைக்கைப் பிடித்தபடி ஒரு போதகர், அவருக்குப் பின்னால் தீப்பிழம்பு, கீழே கமிட்டிக்காரர்களின் முகங்கள் பாஸ்போர்ட் அளவில். நான் இந்தக் கூட்டங்களுக்கு எதிரி இல்லை. வேதத்தைக் கையில் எடுக்கும் பழக்கமே இப்படி ஒரு பந்தலில் உட்கார்ந்துதான் எனக்கு வந்தது.

ஆனால் பந்தலைப் பிரித்த பிறகு ஊரில் என்ன மாறியிருக்கிறது? கோர்ட்டில் கிடக்கும் சபை வழக்கு அப்படியே கிடக்கிறது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அல்லேலூயா சொன்ன அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு அப்படியே இருக்கிறது. பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் வந்தால் எந்த அணி எவ்வளவு செலவு செய்தது என்பது டீக்கடையில் பேச்சு. அடுத்த வருஷம் மறுபடியும் "ஆண்டவரே, எழுப்புதலைத் தாரும்" என்று அதே மைக்கில் அழுகிறோம்.

என் அபிப்பிராயம் இதுதான். எழுப்புதல்களைப் பற்றி நமக்குச் சொல்லப்படுவது பின்பாதிக் கதை. ஜெபித்தார்கள், ஆவியானவர் இறங்கினார், ஆயிரக்கணக்கானோர் மனந்திரும்பினார்கள். அதற்கு முன்னால் அந்த ஊர்களில் என்ன நடந்தது என்பதைப் பிரசங்கியார்கள் அநேகமாகச் சொல்வதில்லை. அதைச் சொன்னால் கமிட்டிக்கே சங்கடமாகிவிடும் என்பதால்கூட இருக்கலாம்!

ஹெர்ன்ஹூட்டை எடுத்துக்கொள்வோம். உபவாச ஜெபத்துக்குப் போகிற யாருக்கும் இந்தப் பெயர் புதிதல்ல. நூறு வருடம் நிற்காமல் நடந்த ஜெபம் என்று கேட்டிருப்பீர்கள். ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியில், சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் 1722-ல் உருவான குடியிருப்பு அது. மொராவியாவில் விசுவாசத்துக்காக நெருக்கப்பட்டுத் தப்பி வந்தவர்கள் (மொரேவியர்கள் என்ற பெயர் இதிலிருந்துதான்) கிறிஸ்தியான் டேவிட் என்ற தச்சரின் தலைமையில் மரம் வெட்டி வீடு கட்டினார்கள். அப்புறம் சேதி பரவி லுத்தரன்கள், சீர்திருத்தச் சபையார், எந்தச் சபையிலும் ஒட்டாதவர்கள் என்று பலரும் வந்து சேர்ந்தார்கள். 1727 வாக்கில் சுமார் 300 பேர்.

300 பேர் இருந்தால் 300 அபிப்பிராயம் இருக்கும் இல்லையா? ஆராதனை எந்த முறையில் நடப்பது, யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுவது என்று எல்லாவற்றிலும் சண்டை. இடம் கொடுத்த பிரபுவையே வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் மிருகம் என்றும், உள்ளூர்க் குருவானவர் ரோத்தேயைக் கள்ளத்தீர்க்கதரிசி என்றும் ஒருவர் சொல்லித் திரிந்தார். அதை நம்பவும் ஆட்கள் இருந்தார்கள். முதல் மரத்தை வெட்டிய கிறிஸ்தியான் டேவிட்டே மனம் கசந்து ஊரைவிட்டுத் தள்ளிப்போய்க் குடியிருந்தார். நம் ஊர்ச் சபை ஒன்றின் கதைபோலவே இருக்கிறதா? இருக்கும்.

சின்சென்டார்ஃப் எழுப்புதல் கூட்டம் போடவில்லை. டிரெஸ்டனில் தனக்கிருந்த அரசாங்க வேலையிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து தங்கினார். வீடு வீடாகப் போய்ப் பேசினார். 1727 மே 12-ஆம் தேதி எல்லாரையும் கூட்டி வைத்து, ஊருக்கான விதிகளை வாசித்தார். யார் யாரோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும், தகராறு வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருந்தது. ஹெர்ன்ஹூட்டில் குடியிருப்பவர்களும் அவர்கள் சந்ததியும் பண்ணையடிமைகளாக இருக்க மாட்டார்கள் என்ற உறுதியும் இருந்தது. எழுதித் தந்தவரே நிலத்துக்குச் சொந்தக்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். 12 மூப்பர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கோடைகாலம் முழுக்கப் பழைய கசப்புகளைப் பேசித் தீர்த்தார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்கிழமை, பக்கத்து ஊரான பெர்தெல்ஸ்டார்ஃப் ஆலயத்தில் திருவிருந்து. எழுப்புதல் வந்தது அங்கேதான். மொரேவியர்கள் இன்றும் கொண்டாடும் நாள் அது. அதே மாதம் 27-ஆம் தேதிதான் மணிக்கு மணி ஆள் மாற்றி ஜெபிக்கும் ஏற்பாடு தொடங்கியது. 1732-ல் ஒரு குயவரும் ஒரு தச்சரும் கரீபியன் தீவான செயின்ட் தாமஸுக்கு மிஷனெரிகளாகப் புறப்பட்டார்கள். நம் தரங்கம்பாடிக்கே 1760-ல் மொரேவியர் வந்து தங்கினார்கள்.

நம் மேடைகளில் 27-ஆம் தேதி வருகிறது, எப்போதாவது 13-ஆம் தேதி வருகிறது. மே 12 வருவதே இல்லை. ஆனால் சங்கிலி ஜெபத்துக்கு மட்டும் நாமும் பெயர் எழுதி வாங்குகிறோம். இரவு இரண்டு மணி ஸ்லாட்டுக்கு யார் என்று வாட்ஸப் குரூப்பில் கேட்கிறோம். அந்தக் குரூப்பிலேயே ஒருவரையொருவர் பிளாக் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளிலும் இதே வரிசைதான். ஆவியானவர் இறங்கிய இரண்டாம் அதிகாரத்தைப் பிரசங்கிக்காத ஆள் கிடையாது. ஆறாம் அதிகாரம்? கிரேக்க மொழி பேசும் விதவைகளுக்குத் தினசரிப் பந்தியில் சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு வருகிறது. பந்தியில் பாரபட்சம் என்ற புகாரை அப்போஸ்தலர்கள் "ஜெபத்தில் வையுங்கள்" என்று சொல்லி அனுப்பவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். உடனே ஏழாம் வசனத்தில் தேவவசனம் பரவுகிறது, சீஷர்களின் தொகை பெருகுகிறது, ஆசாரியர்களிலும் அநேகர் விசுவாசத்துக்கு வருகிறார்கள். நம் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தில் முதல் பந்தி யாருக்கு என்பதை நினைத்துக்கொண்டு இந்தப் பகுதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

கொரியாவுக்கு வருவோம். தென்கொரியாவின் பெரிய சபைகளைப் பார்த்துவிட்டு வந்து "அதிகாலை ஜெபம்தான் ரகசியம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அதிகாலை ஜெபம் நல்லதுதான். ஆனால் அங்கே எழுப்புதலின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1903-ல் வொன்சான் நகரில் ராபர்ட் ஹார்டி என்ற கனடா நாட்டு மிஷனெரி செய்த பாவ அறிக்கை. மருத்துவர், படித்தவர், வருஷக்கணக்காக உழைத்தும் பலன் பெரிதாக இல்லை. தன் பெருமையும் விசுவாசக் குறைவும்தான் தடை என்று முதலில் சக மிஷனெரிகளிடமும், பிறகு கொரியச் சபையாருக்கு முன்னாலும் வெட்கத்தோடு சொன்னார். மனந்திரும்புதல் என்றால் என்ன என்பதை அந்தச் சபையார் ஓர் ஆளிடத்தில் நேரில் கண்டது அன்றுதான் என்று அவரே பிற்பாடு எழுதினார்.

1907 ஜனவரியில் பியோங்யாங் சாங்டேஹியோன் ஆலயத்தில் வேதபாடக் கூட்டங்கள் நடந்தன. அங்கே கில் சன்-ஜூ என்ற மூப்பர் எழுந்து நின்று, நானே ஆகான் என்றார். யோசுவாவின் புத்தகத்தில் எடுக்கக் கூடாததைத் திருடி ஒளித்துவைத்தவன் ஆகான். இறந்துபோன நண்பர் ஒருவர் தன் சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஒப்படைத்திருந்தார். அதில் ஒரு தொகையைத் தான் எடுத்துக்கொண்டதாகவும், அந்த விதவையிடம் திருப்பிக் கொடுப்பதாகவும் சபைக்கு முன்னால் சொன்னார். அதன் பிறகு அந்த நகரத்தில் ஆட்கள் வீடு வீடாகப் போய், எடுத்த பணத்தையும் பொருளையும் திருப்பிக் கொடுத்தார்கள், கிறிஸ்தவர் அல்லாதவர்களிடமும் போய் மன்னிப்புக் கேட்டார்கள் என்று கூட இருந்த மிஷனெரிகள் பதிவு செய்திருக்கிறார்கள். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வரிவசூலிப்பவன் சகேயு இயேசுவிடம் சொன்னானே, அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆள் யார் என்பது. சபையின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குடிகாரர் வந்து சாட்சி சொல்லவில்லை. ஊரே மதிக்கிற மூப்பர் தன் பண விவகாரத்தைச் சொன்னார். நம் சாட்சி நேரத்தில் வருவதெல்லாம் பெரும்பாலும் இரட்சிக்கப்படுவதற்கு முன் செய்த பாவங்கள். சேகரக் கமிட்டியில், அதாவது ஒரு குருவானவரின் கீழுள்ள சபைகளின் கமிட்டியில், இருந்துகொண்டு செய்ததை எந்தப் பொருளாளராவது மைக்கில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கில் சன்-ஜூ அதற்கப்புறம் அதே 1907-ல் போதகராக அபிஷேகம் பெற்றார். 1919-ல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் அவரும் ஒருவர். தப்பை ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று பயப்படுகிற நம் தலைவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம்மிடமே இல்லையா என்றால், இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் பிறந்து, மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய முடிவெடுத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் 1840-ல் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கினார். 1860-ல் அவரைச் சுற்றியிருந்த சபைகளில் எழுப்புதல் எழும்பியது. அழுகை, பாவ அறிக்கை, அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் இருந்தன. அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் தொடங்குவதற்கு 40 வருஷத்துக்கு மேல் முந்திய சங்கதி இது. தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், வெள்ளைக்காரர் பணத்தை நம்பியிராதவர். நம் பிள்ளைகளுக்கு வேல்ஸ் நாட்டு எழுப்புதல் பிரசங்கியார் இவான் ராபர்ட்ஸைத் தெரிகிற அளவுக்கு அருளப்பனைத் தெரியாது.

அந்த அலை திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே 1870-களில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. யுஸ்துஸ் ஜோசப் என்ற, பிராமணக் குடும்பத்திலிருந்து வந்த ஊழியர், நல்ல பாடல்களை எழுதியவர், அந்த எழுப்புதலின் முக்கியத் தலைவர். கடைசியில் 1881-ல் கர்த்தர் வருவார் என்று நாள் குறிக்கும் நிலைக்கு அவர் தரப்பு போய்விட்டது. அந்த வருஷமும் கடந்து போனது, கூட்டமும் சிதறியது. உணர்ச்சி பொங்கி வரும்போது கேள்வி கேட்க ஆளும், கேட்டால் பதில் சொல்லும் ஒழுங்கும் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

எழுப்புதல் வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. பண்ணையடிமைத்தனம் இல்லை என்று எழுதி வைத்த அதே மொரேவியர்கள், செயின்ட் தாமஸில் தோட்டம் வாங்கி ஆப்பிரிக்க அடிமைகளையும் வைத்திருந்தார்கள். 1930-களில் ருவாண்டாவில் காஹினி என்ற இடத்திலிருந்து கிளம்பி கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிய எழுப்புதல் உண்மையான எழுப்புதல்தான். திருட்டை அறிக்கையிட்டார்கள், பொருளைத் திருப்பிக் கொடுத்தார்கள், இனம் கடந்து சகோதரர் என்றார்கள். ஆனால் 1994-ல் அதே ருவாண்டாவில் ஆலயக் கட்டடங்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அயலாரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட விசுவாசிகள் இருந்தார்கள். வாய் மூடியிருந்த சபைத் தலைவர்களும் இருந்தார்கள், துணைபோனவர்களும் இருந்தார்கள். அறிக்கையிட்ட பாவத்துக்குத்தான் விடுதலை கிடைத்தது. ஹூட்டு, டுட்சி என்ற இரண்டு இனங்களுக்கு நடுவில் இருந்த கணக்கை அடியோடு தீர்க்கவில்லை. தலைமுறை தாண்டி வட்டியோடு வந்து நின்றது.

நமக்கு அந்தக் கணக்கு எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1833-லேயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். சிலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று போனார்கள். கிட்டத்தட்ட 200 வருஷம் ஆகப்போகிறது. இன்றும் பெண் பார்க்கும்போது முதல் கேள்வி என்ன? சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் யார் யாருக்குத் தனித்தனி? குருவானவர் மாற்றலில், பிஷப் தேர்தலில் எந்தக் கூட்டல் கழித்தல் நடக்கிறது? மூன்று நாள் கூட்டத்தில் டிவி பார்ப்பது, சினிமா, பெண்கள் நகை என்று எல்லாவற்றையும் கண்டிக்கிற தேவமனிதர் இதை மட்டும் தொடுவதில்லை. தொட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும்.

"அப்படியானால் ஜெபம் வேண்டாம் என்கிறீர்களா, மனித முயற்சியால் எழுப்புதல் வருமா?" என்று யாராவது கேட்பார்கள். ஜெபம் வேண்டும். எழுப்புதல் கர்த்தர் கொடுப்பது, நாம் தயாரிப்பது இல்லை. வழக்கை வாபஸ் வாங்கினால் மறுநாள் அக்கினி இறங்கும் என்று நான் எழுதித் தர முடியாது. ஆனால் நாம் போஸ்டரில் போடுகிற 2 நாளாகமம் 7:14-ஐ முழுதாக வாசித்தால், "ஜெபம்பண்ணி" என்பதோடு அது நிற்கவில்லை. "தங்கள் பொல்லாத வழிகளைவிட்டுத் திரும்பினால்" என்று இருக்கிறது. அந்தப் பகுதி நம் கையில் இருக்கிறது. மத்தேயு ஐந்தில் காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் கமிட்டியிலும் இந்த வருஷக் கூட்டத்துக்குப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "தம்பி, இந்தத் தடவை சென்னையிலிருந்து பெரிய ஆளா கூப்பிடுவோம், பட்ஜெட்டைப் பத்திக் கவலைப்படாதே" என்றார் ஒரு அண்ணன். பேச்சாளரை முடிவு செய்வதற்கு முன்னால் மூன்று விஷயம் வைக்கப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். போன வருஷக் கூட்டத்தின் வரவுசெலவை ரசீதோடு சபையில் வாசிக்க வேண்டும். இரண்டு தரப்பும் போட்டிருக்கிற வழக்குகளை வாபஸ் வாங்குவது பற்றிச் சபைக்குள்ளேயே உட்கார்ந்து பேச வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் இனி அடக்கம் வரிசைப்படி, குடும்பப்படி இல்லை. "இதெல்லாம் எழுப்புதலுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதினேன். தீர்மானத்தை வழிமொழிய இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் சேகரத்து ஆட்கள் யாராவது இதை வாசித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், கமிட்டி கூடுவதற்குள் பேசுவோம்.