அன்டோகு: ஆறு வயதில் கடலில் முடிந்த ஓர் 'ஆட்சி'

ஜப்பானியப் பேரரசர் அன்டோகு 1180 முதல் 1185 வரை ஆட்சி புரிந்தார் என்று படிக்கும்போதெல்லாம் 'ஆட்சி' என்ற சொல் என்னை உறுத்துகிறது. அரியணையில் அமர்த்தப்பட்டபோது அவருக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பவில்லை. தந்தை தக்காகுராவை விலகச் செய்து, தன் மகள் வயிற்றுப் பேரனை அரசனாக்கியவர் தைரா குலத் தலைவர் கியோமோரி. அதே ஆண்டில் தலைநகரைக் கியோட்டோவிலிருந்து கடலோர ஃபுகுஹராவுக்கு மாற்றி, ஆண்டு முடிவதற்குள் பழைய இடத்துக்கே திரும்பியவரும் அவர்தான்.

1181இல் கியோமோரி இறந்தார். 1183இல் எதிரிக் குலமான மினமோட்டோவின் படை நெருங்கியதும், தைரா குலத்தார் குழந்தையையும் ஆடி (கண்ணாடி), வாள், மணி (அணிகல்) ஆகிய மூன்று அரசச் சின்னங்களையும் எடுத்துக்கொண்டு மேற்கே ஓடினார்கள். அவர்களிடமிருந்து நழுவிய தந்தைவழிப் பாட்டனார், முன்னாள் பேரரசர் கோ-ஷிரகவாவோ, சின்னங்கள் இல்லாமலேயே, அன்டோகுவின் தம்பி கோ-டோபாவைப் பேரரசராக்கிவிட்டார். ஒரே நாட்டில் இரண்டு பேரரசர்கள். இருவருமே பால்மணம் மாறாதவர்கள்.

1185 ஏப்ரல் 25 அன்று தன்-னோ-உரா கடற்போரில் தைரா குலம் தோற்றது. கியோமோரியின் மனைவி, துறவு பூண்டிருந்த பாட்டி டோகிகோ, பேரனை அணைத்துக்கொண்டு கடலில் குதித்தார். எங்கே அழைத்துப் போகிறாய் என்று குழந்தை கேட்டதாகவும், அலைகளுக்கு அடியிலும் ஒரு தலைநகர் இருக்கிறது என்று பாட்டி சொன்னதாகவும் பிற்காலப் போர்க்காவியம் பாடுகிறது. படிக்கும் எவருக்கும் தொண்டை அடைக்கும், எனக்கும் அடைத்தது. ஆனாலும் அதைத் தியாகம் என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

காரணம், அன்டோகுவின் இன்னொரு தம்பியான இளவரசர் மொரிசதா. தைரா குலத்தார் அவரையும் உடன் கொண்டுபோயிருந்தார்கள். மீட்கப்பட்டுக் கியோட்டோ திரும்பிய அவர் வளர்ந்து ஆளானார், 1221இல் அவருடைய மகனே பேரரசரானார். அன்டோகுவும் கோ-ஷிரகவாவின் பேரன்தானே? உயிரோடு பிடிபட்டிருந்தால், பதவி போயிருக்கும், பெரும்பாலும் ஏதாவதொரு மடத்தில் துறவியாக்கப்பட்டிருப்பார். தைரா குலத்துக்கோ அவர் பேரன் என்பதைவிடப் பெரிதாக, எதிரியின் கையில் சிக்கக் கூடாத நான்காவது அரசச் சின்னமாக ஆகிவிட்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

தாய் டோகுகோவும் குதித்தார். வீரர்கள் அவருடைய கூந்தலில் கொக்கியை மாட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். ஒஹாராவின் ஜக்கோ-இன் மடத்தில் துறவியாக அவர் காலம் கழித்தார். ஆடியும் மணியும் அரண்மனைக்குத் திரும்பின. மூழ்கிய வாளுக்காகக் கடலில் ஆள் இறக்கித் தேடினார்கள், அது கிடைக்கவில்லை.