பிரசவ அறைக்கு ஊரடங்கு கிடையாது

கொரோனா காலத்து மருத்துவப் பணியாளர்கள் என்றாலே எல்லோர் மனதிலும் வருவது ஐசியுவும் வென்டிலேட்டரும்தான். அது நியாயம்தான், அங்கே பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் அதே கட்டடத்தில் லேபர் வார்டில் நின்றவர்களிடம் யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நான் பிரசவ வார்டுச் செவிலி, 2020-லும் 2021-லும் டூட்டியில் இருந்தவள், அதனால் நானே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண் அறுவை சிகிச்சை, மூட்டு மாற்று எல்லாவற்றையும் அப்போது தள்ளிவைத்தார்கள். வலி எடுத்தவளைத் தள்ளிவைக்க முடியுமா? 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இது பெருந்தொற்று என்று அறிவித்த பிறகும் பனிக்குடம் உடைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, எப்போதும்போல வந்துகொண்டேதான் இருந்தார்கள். எங்கள் பக்கம்தான் ஆள் குறைந்தது. சிலரைக் கோவிட் வார்டுக்கு மாற்றினார்கள், சிலர் தொற்று வந்து படுத்தார்கள், சிலர் தாங்களே கர்ப்பமாக இருந்தார்கள்.

சோர்வைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். நாலு நாள் தூங்கினால் சோர்வு போய்விடும். எங்களுக்கு இன்னும் போகாமல் இருப்பது, எது சரி என்று தெரிந்திருந்தும் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் நிலைக்கு எங்களைத் தள்ளியதுதான். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

துணைக்கு வரும் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவ நேரத்தில் கூடவே ஒருவர் இருந்து தைரியம் சொன்னால் வலி நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது, வலி மருந்தின் தேவையும் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொற்று இருக்கும் தாய்க்கும்கூட அவள் விரும்பும் ஒருவர் பக்கத்தில் இருக்க உரிமை உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே தெளிவாக எழுதியது. ஆனாலும் பல நாடுகளில், நோயாளியைப் பார்க்க வரும் கூட்டத்துக்குப் போட்ட தடையில் கணவனையும் அம்மாவையும் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தடையைப் போட்டவர்கள் வாசலில் நிற்கவில்லை. "நீங்க உள்ளே வர முடியாதுங்க" என்று சொல்லும் வேலை எங்களுடையது ஆனது. நியூயார்க்கில் 2020 மார்ச்சில் சில பெரிய மருத்துவமனைகள் இப்படித் தடை போட்டபோது, அந்த மாதம் முடிவதற்குள் மாநில ஆளுநர் உத்தரவு போட்டு ஒருவரை அனுமதிக்க வைத்தார். மனது வைத்தால் சில நாளில் மாற்றக்கூடிய விஷயம்தான் இது. எத்தனையோ இடங்களில் மாதக்கணக்கில் மாற்றவில்லை, அதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் தனியாக இருந்ததை எப்படியோ கடந்துவிடுகிறார்கள். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று தெரியும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அவள் மட்டும் உள்ளே, கணவன் வெளியே எங்கோ. சொல்ல வேண்டியவளுக்கு உச்சி முதல் பாதம் வரை பிபிஇ என்ற பாதுகாப்பு உடை, முகத்தில் கண் மட்டும்தான் தெரியும், அதுவும் ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால். அந்த நேரத்தில் எங்கள் முகமும் கையும்தான் அவளுக்கு மருந்து. இரண்டையுமே மூடிவிட்டோம்.

அப்புறம் போன் வழி பரிசோதனை. கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறையாவது தாயைப் பார்க்க வேண்டும் என்பது 2016 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொற்றுப் பயத்தில் அதில் பாதி போனுக்குப் போனது. போனை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன், வீட்டிலேயே பிபி பார்க்கக் கருவி கொடுத்த இடங்களில் அது உதவியது. ஆனால் கருவி இல்லாத வீட்டில்? கர்ப்ப கால ரத்த அழுத்த ஆபத்தைக் காட்டும் புரதம் சிறுநீரில் போகிறதா என்று குரலை வைத்துச் சொல்ல முடியாது, வயிறு மாதத்துக்கு ஏற்ற அளவில் வளர்ந்திருக்கிறதா என்று தொடாமல் தெரியாது. அதே ஆபத்தின் அறிகுறிகளான தலைவலி இருக்கா, கண் மங்குதா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்பாள். நேரில் வந்திருந்தால் முகம் வீங்கியிருப்பதைப் பார்த்தே உட்கார வைத்திருப்போம். இன்னொன்று, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா என்று அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அடிக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்பீக்கரில் போட்ட போனில் அதை எப்படிக் கேட்பது?

நேபாளத்தில் 9 மருத்துவமனைகளில் எடுத்த ஆய்வு ஒன்று 2020-ல் வெளிவந்தது. ஊரடங்கில் மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன, வயிற்றிலேயே இறந்து பிறந்த குழந்தைகள் 1000-க்கு 14-லிருந்து 21 ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு 17 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அப்படிப்பட்ட பிறப்புகளும் தாய் மரணங்களும் கூடியிருந்தது தெரிந்தது. இதில் பெரும்பகுதி வைரஸ் நேராகக் கொன்றதல்ல. வரப் பயந்தார்கள், வர வண்டி இல்லை, வந்தபோது பார்க்க ஆள் இல்லை.

எங்கள் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முக்கும் நேரத்தில் அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு முழம்கூட இருக்காது, கத்துவாள், வேக வேகமாக மூச்சு விடுவாள், சில சமயம் மணிக்கணக்கில். பிரசவத்தின் இந்தக் கட்டம் காற்றில் நுண்துளி பரப்பும் சிகிச்சைகள் பட்டியலில் வராது என்று பிரிட்டன் போன்ற நாடுகளின் வழிகாட்டுதல் சொன்னது. அதனால் அங்கே உயர்தர மாஸ்க் ஐசியுவுக்கு, பிரசவ அறைக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் ஒரு பிரசவத்துக்காவது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

தடுப்பூசியிலும் இதே கதை. முதல் பெரிய சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவே இல்லை. அதனால் "போட்டுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்டவர்களுக்கு எங்கள் கையில் உறுதியான பதில் இல்லாமல் போனது. பிரிட்டனில் 2021 ஏப்ரலில்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போடலாம் என்றார்கள். பயம் அதற்குள் வேர்விட்டிருந்தது. டெல்டா அலையில் அங்கே தீவிர சிகிச்சைக்குப் போன கர்ப்பிணிகளில் ஏறக்குறைய எல்லோருமே தடுப்பூசி போடாதவர்கள்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? எங்களுக்குக் கைதட்டு வேண்டாம். 2021-ல் வந்த உலக மருத்துவச்சிகள் நிலை அறிக்கை 9 லட்சம் மருத்துவச்சிகள் பற்றாக்குறை என்றது, முதலில் ஆள் போடுங்கள். அடுத்த தொற்றுக்கான திட்டம் எழுதும் குழுவில் பிரசவ வார்டிலிருந்து ஒருவர் இருக்கவேண்டும், பெயருக்கு அல்ல, முடிவெடுக்கும் உரிமையோடு. துணைக்கு வரும் ஒருவரை எந்தத் தடையும் தொடாது என்று அந்தத் திட்டத்தில் இப்போதே எழுதிவைக்கவேண்டும்.

அந்தக் காலத்தில் தனியாகக் குழந்தை பெற்றவர்கள், தனியாக இழந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். உங்களுக்கு நடந்ததை ஒரு பக்கமாவது எழுதி, நீங்கள் பார்த்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். நாங்கள் சொன்னால் ஊழியர் குறை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நீங்கள் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.